படமும் பாட்டு வரியும் இல்லாமல் வாத்திய இசையால் மட்டும் ஒரு கதையைச் சொல்வது எப்படி?

ஸ்ட்ரிங்ஸ், பெரிய டிரம், கோரஸ் எல்லாம் சேர்த்துப் பார்த்தும், கேட்டவர்கள் "டிரெய்லர் மாதிரி இருக்கு, ஆனா கதை தெரியலை" என்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேட்பவருக்குப் பழகிவிட்ட ஒரு சின்ன மெட்டுக்கு வழியில் என்ன நேர்கிறது என்பதுதான் வாத்திய இசையில் கதை. முதலில் அந்த மெட்டு பழக வேண்டும். பழகாத ஆளுக்கு எது நடந்தாலும் யாருக்கும் வலிக்காது. நீங்கள் முதல் நிமிடத்திலேயே இருபது டிராக் சேர்த்துவிட்டால் யாரைப் பின்தொடர்வது என்று கேட்பவருக்குத் தெரியாது.

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். இங்கே வயல்காரர்களுக்கு எப்போதும் ஒரே கேள்விதான்: "ஆழியாத்துத் தண்ணி விட்டாச்சா?" தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வரும் தண்ணீர் மூலத்தறை ரெகுலேட்டரில் பிரிந்து வாய்க்கால்களில் இறங்கி, கடைசி வயலுக்கு வந்து சேர நாளாகும். நான் இசையமைத்த ஒரு துண்டின் கதை இதுதான்: கடைமடைக்காரர் ஒருவர் தண்ணீருக்குக் காத்திருக்கிறார், தண்ணீர் வருகிறது, அதற்குள் பயிர் கருகிவிட்டது. உங்கள் கதையும் இப்படி மூன்று வாக்கியத்துக்குள் அடங்கட்டும். கிளைக்கதை, பிளாஷ்பேக் எல்லாம் வாத்தியத்தால் தாங்க முடியாது.

அந்த மனிதருக்கு ஒரே மூச்சில் வாசிக்கக்கூடிய மெட்டு ஒன்று, ஐந்தே சுரம் கொண்ட மோகன ராகத்தில், புல்லாங்குழலில். மாற்றமே இல்லாமல் அதைச் சில தடவை வாசிக்கவிட்டேன். இசையமைப்பவருக்கு அலுப்பாக இருக்கும். இருந்தாலும் அந்த இடத்தில் கை வைக்காதீர்கள்.

தண்ணீருக்குக் கேரளத்து இடக்கா. தோளில் தொங்கும் வாரை அழுத்தி சுருதியை ஏற்றி இறக்கலாம் என்பதால் அந்தத் தாள வாத்தியத்தால் வழுக்கிக்கொண்டு ஓடவும் முடியும். நிஜமான வாய்க்கால் சத்தத்தைப் பதிவு செய்து போட்டிருக்கலாம்தான். ஆனால் உண்மைச் சத்தம் வந்ததும் கேட்பவர் "ஓ, தண்ணீர்" என்று முடிவு கட்டிவிடுவார். அதன் பிறகு அவருடைய கற்பனைக்கு வேலையில்லை.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். காத்திருப்பை எப்படி இசையாக்குவது? பாடம் கேரளக் கோயில் விழாக்களில் வாசிக்கும் பஞ்சாரி மேளத்தில் இருக்கிறது. பெருவனம் பூரம் போன்ற விழாக்களில் செண்டை, இலத்தாளம், கொம்பு, குழல் என்று பெருங்கூட்டமாக நின்று வாசிப்பார்கள். முதல் காலத்தில், அதாவது முதல் கட்டத்தில், தாளத்தின் ஒரு சுற்றுக்கு 96 அட்சரம் (எண்ணிக்கை). அடுத்தடுத்த காலங்களில் அது 48, 24, 12, 6 என்று பாதி பாதியாகக் குறையும். கதைமாந்தர் இல்லை, வசனம் இல்லை. ஆனாலும் ஏதோ ஒன்று நெருங்கிக்கொண்டே வருகிறது என்று கூட்டம் முழுவதும் உணர்ந்து கைகளை உயர்த்துகிறது.

அதைச் சின்ன அளவில் எடுத்துக்கொண்டேன். நிமிடத்துக்கு 72 தட்டு, நான்கு தட்டு ஒரு பார். முதல் சுற்று 16 பார், அதாவது ஏறக்குறைய 53 விநாடி. சுற்று முடியும் இடத்தில் மட்டும் இடக்கா லேசாக எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிடும். அடுத்த சுற்று 8 பார், அப்புறம் 4, அப்புறம் 2. மேளத்தில் வேகமும் கூடிக்கொண்டே போகும். நான் 72-ஐத் தொடவே இல்லை. தண்ணீர் எட்டிப் பார்க்கும் இடைவெளி குறைந்ததே போதுமாக இருந்தது. விறுவிறுப்பு வேண்டுமென்றால் உடனே டெம்போவை ஏற்றாதீர்கள். முதலில் சுற்றைக் குறைத்துப் பாருங்கள்.

தண்ணீர் வந்தபின் பயிர் போனதை எப்படிச் சொல்வது? சோகத்துக்கென்று சுபபந்துவராளி ராகத்துக்குத் தாவ எனக்கு மனமில்லை, அது வேறொரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவதுபோல் ஆகிவிடும். கர்நாடக இசையில் கிரக பேதம் என்று ஒன்று உண்டு: சுரங்களை மாற்றாமல், தொடங்கும் ஆதார சுரமான சட்ஜத்தை (ஸ) மட்டும் இடம் மாற்றினால் வேறு ராகம் கிடைக்கும். மோகனத்தின் ஐந்து சுரங்களையும் (ஸ, ரி, க, ப, த) அப்படியே வைத்துக்கொண்டு ரி-யை ஆதார சட்ஜமாக்கினால் மத்தியமாவதி, க-வை ஆக்கினால் இந்தோளம், ப-வை ஆக்கினால் சுத்த சாவேரி, த-வை ஆக்கினால் சுத்த தன்யாசி. நான் த-வைத் தேர்ந்தெடுத்தேன். புல்லாங்குழல் டிராக்கில் ஒரு சுரத்தையும் மாற்றவில்லை. கீழே ஓடும் தம்புராவை மட்டும் ஸ–ப-விலிருந்து த–க-வுக்கு நகர்த்தினேன். ஒரு கட்டையில், அதாவது சி-யை ஸ-வாக வைத்து வாசித்தால், சி–ஜி இருந்த இடத்தில் ஏ–இ. அதே மனிதர், அதே நடை. காலுக்குக் கீழே நிலம் மாறிவிட்டது. மெட்டு ஏற்கெனவே பழகியிருப்பதால்தான் இந்தச் சின்ன நகர்வு நெஞ்சில் போய்த் தைக்கிறது.

கேமரா வேலையையும் ஒலியாலேயே செய்யலாம். ரிவர்ப் (எதிரொலிப்பு) குறைவாக, மூச்சுச் சத்தம்கூடக் கேட்கும்படி வாசித்தால் குளோஸ்-அப். தூரத்து ஒலியில் காற்று முதலில் உயர் அதிர்வெண்களைத்தான் தின்னும். அதனால் அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் மேல்பகுதியைக் கொஞ்சம் வெட்டி, ரிவர்ப்பைக் கூட்டினால் ஆள் வரப்பின் மறுகோடிக்குப் போய்விடுவார். மென்பொருளே அளவைத் தானாக நகர்த்தும் ஆட்டோமேஷனில் இதை மெல்ல மெல்லச் செய்யுங்கள்.

படங்களின் பிஜிஎம்மைக் கேட்டுப் பழகச் சொல்வார்கள். கேளுங்கள், நானும் கேட்கிறேன். ஆனால் அந்த இசைக்கு வசனத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் கடமை உண்டு. பாதிக் கதையைத் திரை சொல்லிவிடும். என் பார்வையில், தனியாக நிற்கும் இசைக்குப் பழைய பாடல்களின் இடையிசைதான் கூடுதல் பாடம். எங்கள் மாவட்டத்து எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதனின் இடையிசைகளை மட்டும் தனியாக வெட்டி வைத்துக் கேளுங்கள். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே கிடைக்கும் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு மனநிலையிலிருந்து இன்னொன்றுக்கு எப்படி நடக்கிறார் என்று கவனியுங்கள்.

முடித்தபின் தலைப்பைச் சொல்லாமல், இசை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். நான் என் பெரியம்மாவுக்குப் போட்டேன். "யாரோ வரேன்னு சொல்லி ரொம்ப நேரங்கழிச்சு வந்திருக்காங்க, வீட்ல ஆளில்லை" என்றார். வாய்க்காலும் இல்லை, வயலும் இல்லை, ஆனால் காத்திருப்பும் தாமதமும் அப்படியே போய்ச் சேர்ந்திருந்தன. நான் எதையும் மாற்றவில்லை. உங்களுக்கும் வேறு கதை திரும்பி வந்தால் விட்டுவிடுங்கள். "நல்லா இருக்கு" என்று மட்டும் வந்தால், மெட்டு பழகுவதற்கு முன்பே எதையாவது மாற்றிவிட்டீர்களா என்று முதல் நிமிடத்தைத் திறந்து பாருங்கள்.