எந்த டை வாங்குவது? தோட்டா எங்கே முட்டி நிற்கிறது என்று பாருங்கள்

டெக்சாஸிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ".308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளும் 9 மி.மீ. பிஸ்டலும் வைத்திருக்கிறேன். ரேஞ்சில் பொறுக்கிய பித்தளைக் கூடுகள் இரண்டு வாளி சேர்ந்துவிட்டன. ரீலோடிங் பழகலாம் என்றிருக்கிறேன். டை செட் ஐம்பது டாலருக்கும் கிடைக்கிறது, இருநூறு டாலருக்கும் கிடைக்கிறது. எதை வாங்க?"

ரீலோடிங் என்றால் சுட்ட கூட்டில் புது பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), மருந்து, புல்லட் (பறந்துபோகும் முனை) வைத்து மீண்டும் தோட்டாவாக்குவது. டை என்பது அதற்காகப் பிரஸ் என்ற அழுத்து கருவியில் திருகும் அச்சு. விலையை அப்புறம் பார்ப்போம். தோட்டா சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் அது உட்காரும் அறைக்குள், எங்கே முட்டி நிற்கிறது? அது தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்தது.

.308 தோட்டா தோளில், அதாவது கூடு கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவில், முட்டி நிற்கும். சுட்டதும் கூடு சேம்பர் அளவுக்கு உப்பிவிடும். அதை நெரித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவருவதுதான் சைசிங் டையின் வேலை. கழுத்தை மட்டும் நெரிக்கும் நெக் சைசிங் டைதான் துல்லியம் தரும் என்று சிலர் சொல்வார்கள். நாலைந்து முறை சுட்டபின் போல்ட் (சேம்பரை மூடும் தாழ்) இறுகும், அப்போது எப்படியும் முழுக்கூட்டையும் நெரிக்கும் ஃபுல் லெங்த் டை வேண்டும். முதலிலேயே அதை வாங்கிவிடுங்கள்.

ஆனால் டையை, கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரில் முட்டும்வரை திருகி, இன்னும் கால் சுற்று இறக்கிவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். தோள் அளவுக்கு மீறிப் பின்னே போனால், ஒவ்வொரு முறை சுடும்போதும் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பித்தளை இழுபட்டு மெலியும். ஒருநாள் கூடு இரண்டாக அறுந்துவிடும். போல்ட் ஆக்‌ஷனுக்குத் தோள் 0.001 முதல் 0.002 அங்குலம் பின்வாங்கினால் போதும். அதை அளக்க ஒரு காலிப்பரும், தோள்வரை அளக்க அதில் மாட்டும் கம்பேரட்டரும் தேவை. இருநூறு டாலர் டைக்குப் போகும் காசை இங்கே போடுங்கள் என்பேன்.

ரைஃபிள் கூட்டுக்கு லூப் (வழுக்க உதவும் மசகு) தடவாமல் டைக்குள் தள்ளக் கூடாது, டை கார்பைடாக (வழவழப்பான மிகக் கடினமான பொருள்) இருந்தாலும் சரி. நான் தொடங்கிய முதல் வாரமே ஒரு கூட்டை உள்ளே சிக்கவைத்துவிட்டு அரைநாள் மல்லுக்கட்டினேன். அதற்காக அப்பியும் விடாதீர்கள், தோள் குழிந்துபோகும்.

9 மி.மீ. கதை வேறு. அது கூட்டின் வாய் விளிம்பில் முட்டி நிற்கும் தோட்டா. மூன்று டை கொண்ட கார்பைட் செட் வாங்குங்கள். லூப் தொல்லை இல்லை. முதல் டை நெரித்துப் பழைய பிரைமரைத் தள்ளும், இரண்டாவது வாயைச் சற்று விரிக்கும், மூன்றாவது புல்லட்டை இருத்தும். கிரிம்ப் (கூட்டின் வாயைப் புல்லட்டோடு நெருக்குவது) மட்டும் டேப்பராக, அதாவது மடிக்காமல் சரிவாக நெருக்குவதாக, இருக்க வேண்டும், விரித்த வாய் நிமிர்ந்தால் போதும். வாயை உள்மடிக்கும் ரோல் கிரிம்ப் போட்டால் முட்டி நிற்க விளிம்பே இருக்காது. சந்தேகம் வந்தால் பிஸ்டலின் பேரலைக் கழற்றி, தோட்டாவை அதில் போட்டுப் பாருங்கள்: 'டொக்'கென விழுந்து தடையின்றிச் சுழல வேண்டும்.

ரோல் கிரிம்ப் ரிவால்வருக்கு. .38 ஸ்பெஷல், .357 மேக்னம் இரண்டும் அடி விளிம்பில் நிற்பவை. உதையில் புல்லட் முன்னே நழுவாமல் அந்த மடிப்பு பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் ஒரே செட் போதும்.

பிராண்டைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். லீ, ஆர்சிபிஎஸ், ஹார்னடி, ரெடிங் எல்லாம் ஒரே திருகு அளவு: 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை. டில்லானின் 'ஸ்கொயர் டீல் பி' போன்ற சில பிரஸ்களுக்கு மட்டும் தனி டை. லீ செட்டில் பெரும்பாலும் ஷெல் ஹோல்டர் கூடவே வரும். மற்றவற்றில் தனியாக வாங்க நேரும். மருந்தின் அளவுக்கு அச்சிட்ட கையேடுதான் பேச்சு, அதிலும் தொடக்க அளவு.

(இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.)

கடைசியாக, அந்த வாளிகள். மற்றவர் துப்பாக்கியில், அதுவும் இயந்திரத் துப்பாக்கியில் சுட்ட .308 கூடுகள் அதிகம் உப்பியிருக்கும். சாதாரண டையில் நெரித்தும் உங்கள் சேம்பரில் இறங்காவிட்டால், அடிப்பகுதியை இன்னும் சற்று நெரிக்கும் ஸ்மால் பேஸ் டை தேவைப்படும். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் நடுவே ஒற்றைத் துளை இருந்தால் சரி. இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் அது பெர்டன் வகை, தூக்கிப் போடுங்கள். இல்லாவிட்டால் பழைய பிரைமரைத் தள்ளும் புது டையின் ஊசி முதல் இழுப்பிலேயே முறியும்.