பழைய லேப்டாப்பைக் கடையில் விட்டுவிட்டு வர வேண்டுமா?

கேள்வி: 2012இல் வாங்கிய விண்டோஸ் 7 லேப்டாப் ஒன்று வைத்திருக்கிறேன். மெதுவாக இருந்தாலும் இன்னும் ஓடுகிறது. இப்போது விண்டோஸ் 11 உள்ள புது லேப்டாப் வாங்கியிருக்கிறேன். பழையதில் சுமார் 280 ஜிபி இருக்கிறது. குடும்பப் படங்கள், வீடியோக்கள், மறைந்த என் அப்பா தமிழில் டைப் செய்து வைத்த கட்டுரைகள். பழுதுபார்ப்பவர், "ஹார்டு டிஸ்க்கைக் கழற்றித்தான் எடுக்கணும், ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க, பாஸ்வேர்டையும் எழுதிக் கொடுங்க" என்கிறார். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும் யுஎஸ்பி கேபிள் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். அதை வைத்து நானே மாற்றிக்கொள்ள முடியுமா?

பதில்: நீங்களே மாற்றலாம். ஆனால் அந்தக் கேபிளை மட்டும் செருகிவிடாதீர்கள். இரண்டு கணினிகளும் தத்தம் போர்ட்டிலிருந்து மின்சாரத்தை வெளியே அனுப்புபவை. சாதாரணக் கேபிளால் அவற்றை நேராக இணைத்தால் கோப்பு ஒன்றும் போகாது, போர்ட் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. கணினிக்குக் கணினி இணைக்கவென்றே நடுவில் சின்னப் பெட்டி போல ஒரு சிப் வைத்த கேபிள் தனியாக உண்டு. உங்களுக்கு அதுவும் தேவையில்லை.

அடுத்தது அந்த இரண்டு நாள் கதை. உங்கள் லேப்டாப் ஓடுகிறது. ஓடுகிற கணினியின் டிஸ்க்கைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. கணினி உயிர் பெறாமல் போனால்தான் கழற்றி, ஒரு அடாப்டரில் மாட்டிப் படிக்க வேண்டிவரும். உங்களிடம் அவர் சொல்வது ஓடாத கணினிக்கான வேலை. பாஸ்வேர்டு கேட்பது அதைவிட மோசம். பிரவுசரில் சேமித்த வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், அடையாள அட்டையின் ஸ்கேன், குடும்பப் படங்கள் எல்லாம் இரண்டு நாள் ஒரு அந்நியர் கையில் இருக்கும். அவர் நல்லவராகவே இருக்கலாம். கடையில் இன்னும் யார் யார் கைக்கு அது போகும் என்று அவருக்கே தெரியாது. "பழசை எங்ககிட்டயே கொடுத்துடுங்க, விலை போட்டு எடுத்துக்கிறோம்" என்று அடுத்துச் சொல்வார்கள். கொடுத்துவிடாதீர்கள். அழித்த கோப்பு டிஸ்க்கிலிருந்து உடனே போய்விடுவதில்லை. மேலே வேறு ஏதாவது எழுதப்படும்வரை, இலவச மென்பொருளைக் கொண்டே அதைத் திரும்ப எடுத்துவிடலாம்.

சரி, வழிக்கு வருவோம். 500 ஜிபிக்குக் குறையாத, பெயர் தெரிந்த நிறுவனத்தின் எக்ஸ்டெர்னல் டிஸ்க் ஒன்று வாங்குங்கள். பழைய லேப்டாப்பில் யுஎஸ்பி துளைகளைப் பாருங்கள். உள்ளே நீல நிறத்தில் ஒன்று இருந்தால் அது வேகமான 3.0 ஆக இருக்கும், அதில் செருகுங்கள். எல்லாம் பழைய 2.0 என்றால் நொடிக்குச் சுமார் 30 எம்பி போகும். 280 ஜிபிக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இன்னும் இழுக்கும். சார்ஜரைச் செருகி, லேப்டாப் தூங்கிப் போகாதபடி பவர் அமைப்பை மாற்றிவிட்டு, வேறு வேலையைப் பாருங்கள். டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருந்தால் 4 ஜிபிக்குப் பெரிய வீடியோவை ஏற்காது. வாங்கிய உடனே, காலியாக இருக்கும்போதே, அதை என்டிஎஃப்எஸ் என்ற முறைக்கு ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள்.

காப்பி செய்யுங்கள், கட் செய்யாதீர்கள். பாதியில் கேபிள் ஆடினால், கட் செய்த ஃபோல்டரில் எது இங்கே இருக்கிறது, எது அங்கே போனது என்று தேடி மாள முடியாது.

டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மட்டும் போதாது. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டி டிரைவ், சி டிரைவின் முதல் மட்டத்தில் நீங்கள் எப்போதோ போட்டு மறந்த ஃபோல்டர் எல்லாவற்றையும் பாருங்கள். டெஸ்க்டாப்பில் மூலையில் சின்ன அம்புக்குறி போட்ட ஐகான் வெறும் குறுக்குவழிதான், கோப்பு வேறு இடத்தில் இருக்கும். என்னிடம் வந்த ஒருவர் பத்து வருடக் கணக்கு வழக்கை எல்லாம் பத்திரமாக எடுத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தார். எடுத்து வந்தது முழுக்க அம்புக்குறிகள். நல்ல வேளை, பழைய கணினி இன்னும் அவர் வீட்டில் இருந்தது.

காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். கோப்புகளின் எண்ணிக்கையும் 'சைஸ்' என்ற வரியில் உள்ள அளவும் ஒத்துப்போக வேண்டும். அதற்கடுத்த 'சைஸ் ஆன் டிஸ்க்' வரி டிஸ்க்குக்கு டிஸ்க் மாறும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான பென் டிரைவ் வாங்கலாமே என்று தோன்றும். 2 டிபி என்று அச்சிட்டு நம்ப முடியாத விலைக்கு விற்பவற்றைத் தொடாதீர்கள். உள்ளே அதில் சிறு பங்கு இடம்கூட இருக்காது. கணினி கேட்டால் 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதை மாற்றி வைத்திருப்பார்கள். காப்பி எந்தக் குறையும் இல்லாமல் முடியும், பெயர்கள் எல்லாம் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. இதைத் தெரிந்தே விற்பவர்கள்மேல் எனக்கு ஆறாத கோபம். தொலைவது பணம் மட்டும் என்றால் போகட்டும், திரும்ப எடுக்க முடியாத கல்யாணப் படங்கள் தொலைகின்றன. அதனால் எந்த டிஸ்க்காக இருந்தாலும் புது லேப்டாப்பில் செருகி, கடைசியாகக் காப்பியான ஃபோல்டரிலிருந்து பத்துப் பதினைந்து கோப்பைத் திறந்து பாருங்கள்.

ஒரு காலத்தில் பழைய கணினியிலிருந்து புதியதற்குக் கோப்புகளை மாற்ற, விண்டோஸிலேயே ஈஸி டிரான்ஸ்ஃபர் என்று ஒரு வசதி இருந்தது. விண்டோஸ் 10 வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். மக்களுக்கு மிகவும் தேவைப்பட்ட ஒன்றை ஏன் எடுக்க வேண்டும்? அதற்குப் பதில் புது லேப்டாப்பில் டாக்குமென்ட்ஸும் டெஸ்க்டாப்பும் பல நேரம் நம் கவனத்துக்கு வராமலே, மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவோடு இணைந்துவிடுகின்றன. இலவச இடம் 5 ஜிபிதான். நீங்கள் 280 ஜிபியை அங்கே போட்டால், இடம் போதவில்லை, காசு கட்டுங்கள் என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். சி டிரைவில் தனியாக ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதில் போடுங்கள், இந்தத் தொல்லை இல்லை. அப்புறம், புது லேப்டாப்பின் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம். அதைத் திறக்கும் 48 இலக்க மீட்பு எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இன்றே அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

இனி உங்கள் அப்பாவின் கட்டுரைகள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் மேலே சொன்னதெல்லாம் சரியாகச் செய்தும் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில் தமிழ் 1991இலிருந்தே இருக்கிறது. ஆனால் நம்மவர்கள் அதற்குப் பிறகும் பல வருடங்கள் பாமினி, டிஸ்கி, டேப், டேம் என்று வேறு வேறு முறைகளில்தான் டைப் செய்தார்கள். அப்படி எழுதிய கோப்பின் உள்ளே இருப்பது உண்மையில் தமிழ் இல்லை. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால், கோப்பில் சேர்வது ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்துத் திரையில் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத புது லேப்டாப்பில் அதே கோப்பைத் திறந்தால் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகள்தான் வரும். கோப்பு கெட்டுவிட்டது, வைரஸ் என்று நினைத்து அழித்தவர்கள் உண்டு. கெட்டதை மீட்டுத் தருகிறேன் என்று காசு வாங்கியவர்களும் உண்டு.

பழைய லேப்டாப்பில் ஒவ்வொரு கட்டுரையையும் திறந்து, எழுத்தின் மேல் கர்சரை வைத்து, மேலே எழுத்துருவின் பெயர் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டுரையில் தலைப்புக்கு ஒன்றும் உள்ளே வேறொன்றும் இருக்கலாம். கன்ட்ரோல் பேனலில் ஃபான்ட்ஸ் பகுதிக்குப் போய் அந்தப் பெயர் கொண்ட எல்லாவற்றையும் எக்ஸ்டெர்னல் டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். புது லேப்டாப்பில் அவற்றின் மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் கட்டுரை பழையபடி தெரியும்.

அதோடு நிற்க வேண்டாம். வேர்டு 2010 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் ஒவ்வொரு கட்டுரையையும் பிடிஎஃப் ஆகவும் சேமியுங்கள். இல்லையென்றால் எழுத்துருவை ஏற்றிய பிறகு புதியதில் செய்யலாம். பிடிஎஃப்பில் எழுத்துருவும் சேர்ந்தே போகும், எந்தக் கணினியிலும் அப்படியே படிக்கலாம். யூனிகோடுக்கு மாற்ற இலவச மாற்றிகள் இணையத்தில் உள்ளன. மூலத்தை விட்டுவிட்டு ஒரு நகலில் மட்டும் செய்து பாருங்கள். எந்த முறை என்று தவறாகத் தேர்ந்தெடுத்தால் குப்பைதான் வரும். பாமினி மாதிரி முறையில் நடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவற்றையும் தமிழாக்கிக் குழப்பிவிடும். ஆகவே மாற்றியதை பிடிஎஃப்போடு வரிக்கு வரி ஒப்பிட்டே ஆக வேண்டும்.

நூறு கட்டுரை என்றால் இதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பழைய லேப்டாப்பை இணையத்தோடு இணைக்காமல், அப்படியே அலமாரியில் வைத்திருங்கள்.