ஒளி விளக்கு வாங்கியும் சோர்வு போகவில்லை!

கேள்வி: குளிர்காலம் வந்தாலே எனக்கு மனச்சோர்வு. மருத்துவர் சொல்லி 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) விளக்கு வாங்கினேன். வேலை முடிந்து வந்து, மாலையில் மேசையின் மறுகோடியில் எரியவிடுகிறேன். பலனே இல்லை, தூக்கமும் கெட்டுவிட்டது. ஏன்?

பதில்: முதலில் நேரத்தை மாற்றுங்கள். மாலை வெளிச்சம் உடல் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். தூக்கம் கெடுவது அதனால்தான். காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 20 முதல் 30 நிமிடம் போதும்.

அடுத்தது தூரம். பெட்டியில் போட்டிருக்கும் 10,000 லக்ஸ் எந்தத் தூரத்தில் கிடைக்கும் என்று கையேட்டில் பாருங்கள். பெரிய பலகை விளக்குகளில் 40 முதல் 60 செ.மீ. இருக்கலாம், சின்ன விளக்குகளில் முகத்தை ஒட்டி, 15 செ.மீ.தான்! (விளம்பரத்தில் இதைப் பெரிய எழுத்தில் போடமாட்டார்கள்.) தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கிட்டத்தட்ட கால்பங்காகிவிடும். 2,500 லக்ஸ்தான் கிடைக்கிறது என்றால் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும்.

விளக்கு கண்மட்டத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் இருக்கட்டும். உற்றுப் பார்க்க வேண்டாம். ஆனால் கண் திறந்திருக்க வேண்டும். பேப்பர் படிக்கலாம், காபி குடிக்கலாம். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வடிகட்டி அவசியம்.

தலைவலி, கண் கூச்சம் வந்தால் நேரத்தைக் குறையுங்கள். பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். தெரிந்ததும் நிறுத்திவிட்டால் சோர்வு திரும்பிவிடும், வசந்தம் வரை தொடருங்கள்.

விழித்திரை நோய், பைபோலார் கோளாறு (மிகை உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) இருந்தாலோ, ஒளிக்கூச்சம் தரும் மாத்திரை சாப்பிட்டாலோ மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பைபோலார் உள்ளவர்களுக்கு இந்த வெளிச்சமே மிகை உற்சாக நிலையைத் தூண்டிவிடலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் விளக்கை நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.