புது ஐபீஸை எப்படிச் சோதிப்பது? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஐபீஸ் (டெலஸ்கோப்பில் நாம் கண்ணை வைத்துப் பார்க்கிற, கழற்றி மாட்டக்கூடிய சின்ன லென்ஸ் குழாய்) பற்றியவை. டெலஸ்கோப் வாங்கிக் கொஞ்ச நாள் ஆனதும் எல்லோருக்கும் வருகிற ஆசைதான், நியாயமான ஆசையும்கூட. அதனால் மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என்னிடம் 150 மி.மீ. கண்ணாடியும் 1200 மி.மீ. குவியத்தூரமும் உள்ள டாப்சோனியன் டெலஸ்கோப் இருக்கிறது. கூடவே வந்த 25, 10 மி.மீ. ஐபீஸ்கள் போதவில்லை என்று 4 மி.மீ. ஒன்று வாங்கினேன். முதல் நாளே வியாழனைப் பார்த்தேன். ஒரே மங்கல், விளிம்பு அலையடிக்கிறது, பட்டைகள்கூடத் தெளிவாக இல்லை. 10 மி.மீ.-இலேயே இதைவிட நன்றாகத் தெரிந்தது. ஐபீஸ் பழுதா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுக்காதீர்கள். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். டெலஸ்கோப்பின் குவியத்தூரத்தை ஐபீஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம். உங்கள் 25 மி.மீ. 48 மடங்கு, 10 மி.மீ. 120 மடங்கு, புதிதாக வாங்கியது 300 மடங்கு. கண்ணாடியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதைப்போல இரண்டு மடங்குதான் உச்ச வரம்பு என்று வானம் பார்ப்பவர்கள் பொதுவாகச் சொல்வார்கள், அதன்படி உங்கள் டெலஸ்கோப்புக்கு 300 சரியாக உச்சியில் நிற்கிறது. நல்ல இரவுகளில் மட்டுமே எட்டக்கூடிய உச்சி அது. மற்ற இரவுகளில் 200-ஐத் தாண்டினாலே காற்று விடாது.

120-லிருந்து 300-க்குப் போகும்போது படம் இரண்டரை மடங்கு பெரிதாகிறது, ஆனால் வந்து சேர்கிற வெளிச்சம் அதேதான், அது ஆறு மடங்குக்கும் அதிகமான பரப்பில் பரவ வேண்டியிருக்கிறது. மங்கலாகத் தெரிந்ததற்குப் பாதிக் காரணம் இதுவே. இன்னொன்று, ஐபீஸிலிருந்து வெளியே வரும் ஒளிக்கற்றையின் தடிமன் இப்போது அரை மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிய கற்றை கண்ணுக்குள் போகும்போது உங்கள் கண்ணுக்குள்ளேயே மிதக்கிற தூசி போன்ற இழைகளின் நிழல் வியாழனின் மேல் விழுந்து நகரும். அதைப் பார்த்துவிட்டு லென்ஸில் அழுக்கு என்று பலர் துடைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

சரி, பழுதா இல்லையா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? வியாழனை விட்டுவிட்டு நல்ல உயரத்தில் இருக்கிற ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை நடுவில் கொண்டுவந்து ஃபோகஸ் செய்யுங்கள். அதில் தெரிகிற குறை நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருந்தால், ஒரு கணம் கூர்மையாகி மறுகணம் குழம்பினால், அது காற்று. குறை அசையாமல் ஒரே மாதிரி இருந்தால் ஐபீஸை ஃபோகஸரிலேயே மெதுவாகச் சுழற்றுங்கள். நீட்டமோ வாலோ ஐபீஸோடு சேர்ந்து சுழன்றால் குற்றம் ஐபீஸில். ஐபீஸ் சுற்றியும் அது இருந்த இடத்திலேயே இருந்தால் தலையைச் சாய்த்துப் பாருங்கள். தலையோடு சேர்ந்து திரும்பினால் அது உங்கள் கண்ணின் குறை. எதற்கும் அசையாவிட்டால் டெலஸ்கோப்பின் கண்ணாடிகள் நேராக இல்லை, கொலிமேஷன் (கண்ணாடிகளை ஒன்றுக்கொன்று நேராக்குவது) பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு கருவியும் வேண்டாம், ஆனால் இதைச் செய்யாமல் ஐபீஸைக் குறை சொல்பவர்கள்தான் அதிகம்.

அப்புறம் கண்ணாடி ஆற வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வந்தவுடன் அது வெளிக்காற்றைவிடச் சூடாக இருக்கும், குழாய்க்குள் வெப்பக்காற்று எழும்பிக்கொண்டே இருக்கும். நட்சத்திரத்தை ஃபோகஸிலிருந்து கொஞ்சம் விலக்கினால் வட்டமான தட்டு போலத் தெரியும் அல்லவா, அதற்குள் புகை எழுவது போல ஏதாவது ஓடினால் இன்னும் ஆறவில்லை என்று பொருள். 150 மி.மீ. கண்ணாடிக்கு முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் கொடுத்துப் பாருங்கள். வியாழன் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் இருக்கிற பொருளின் ஒளி, உச்சியில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. அதற்குக் கீழே என்றால் இன்னும் மோசம், விளிம்பில் சிவப்பும் நீலமும் வேறு ஒட்டிக்கொள்ளும். அந்த நிறத்துக்குக் காரணம் காற்றுதான், அதையும் ஐபீஸ் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

உங்கள் 4 மி.மீ.-ஐ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நட்சத்திரங்கள் மினுக்காமல் அமைதியாக நிற்கிற இரவில் மாட்டுங்கள். புனர்பூசத்தின் காஸ்டர் நட்சத்திரம் நல்ல சோதனை. வெறும் கண்ணுக்கு ஒன்று, டெலஸ்கோப்பில் சுமார் ஐந்தரை ஆர்க் விநாடி (ஒரு டிகிரியின் 3600-இல் ஒரு பங்குதான் ஒரு ஆர்க் விநாடி) இடைவெளியில் இரண்டு. 120 மடங்கிலேயே பிரிந்துவிடும், 300-இல் காற்று ஒத்துழைத்தால் இரண்டும் இரண்டு சின்னத் தட்டுகளாக, ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய வளையத்தோடு, நடுவில் கறுப்பான இடைவெளியோடு நிற்கும். அதை ஒரு முறை பார்த்துவிட்டால் அந்த ஐபீஸைத் திருப்பித் தர மனசு வராது.

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: அடுத்து வாங்கியிருக்க வேண்டியது 6 அல்லது 7 மி.மீ. 120-க்கும் 300-க்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது, வருடத்தில் பெரும்பாலான நல்ல இரவுகள் அந்தப் பள்ளத்தில்தான் விழும். இன்னொரு விஷயம், வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வருகிற சமயத்தில் அதன் அகலம் 45 ஆர்க் விநாடி அளவில் இருக்கும். 120 மடங்கில் பார்த்தால், வெறும் கண்ணுக்கு முழு நிலவு தெரிகிற அகலத்தைப் போல மூன்று மடங்கு. போதாது என்று தோன்றுவதற்குக் காரணம் சுற்றிலும் ஒப்பிட வேறெதுவும் இல்லாத கறுப்பு. கண்ணை எடுக்காமல் பத்து நிமிடம் பாருங்கள், பட்டைகளின் ஓரத்துச் சுருள்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

கேள்வி: 200 மி.மீ., எஃப்/5 (குவியத்தூரம் கண்ணாடியின் விட்டத்தைப்போல ஐந்து மடங்கு) நியூட்டோனியன் டெலஸ்கோப்பில் 70 டிகிரி அகலப் பார்வை உள்ள 30 மி.மீ. இரண்டு அங்குல ஐபீஸ் போட்டேன். நடுவில் நட்சத்திரங்கள் ஊசிமுனை. ஓரத்தில் எல்லாம் சிறகு விரித்த பறவை மாதிரி. நண்பர் "அது கோமா, கண்ணாடியின் குறை, கரெக்டர் வாங்கு" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்குவதற்கு முன்னால் ஓரத்து நட்சத்திரத்தின் வடிவத்தை நிதானமாகப் பாருங்கள். கோமா என்றால் ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் விசிறியாகவும், அதாவது சின்ன வால்மீன் போல, வால் நடுவிலிருந்து வெளிப்பக்கம் நோக்கி இருக்கும். நீங்கள் சொல்கிற சிறகு வேறு. அது ஐபீஸின் அஸ்டிக்மாட்டிசம், அதாவது ஒளி இரண்டு திசைகளில் வெவ்வேறு இடத்தில் குவிவது. உறுதி செய்ய எளிய வழி, ஓரத்து நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே ஃபோகஸை உள்ளேயும் வெளியேயும் நகர்த்துங்கள்: ஒரு பக்கம் கோடாக நீண்டு, மறுபக்கம் அதற்குச் செங்குத்தான கோடாக மாறினால் சந்தேகமே வேண்டாம். மாறாக, ஃபோகஸைத் தொட்டதும் ஓரம் கூர்மையாகி நடு மங்கினால் அது புல வளைவு, மூன்றிலும் பொறுத்துக்கொள்ள எளியது, இளம் கண்கள் அதைத் தாமாகவே சரிசெய்துகொள்ளும்.

உங்கள் விஷயத்தில் கோமாவும் அஸ்டிக்மாட்டிசமும் கலந்திருக்கும். எஃப்/5 கண்ணாடிக்குக் கோமா பிறவியிலேயே உண்டு, ஆனால் பெரிய பங்கு ஐபீஸுடையது. எஃப்/5-இல் ஒளி செங்குத்தான கூம்பாக வந்து லென்ஸில் இறங்குகிறது, எளிய வடிவமைப்பால் அதன் ஓரக் கதிர்களைக் கட்டுப்படுத்த முடியாது. இதே ஐபீஸை எஃப்/8 அல்லது எஃப்/10 டெலஸ்கோப்பில் போட்டால் ஓரம் கண்ணுக்குத் தெரிய நல்லதாகிவிடும். அகலப் பார்வையும் வேண்டும், வேகமான (எஃப் எண் குறைந்த) கண்ணாடியில் ஓரமும் கூர்மையாக வேண்டும் என்றால் லென்ஸ்களின் எண்ணிக்கை கூட வேண்டியிருக்கிறது. 1860-இல் வியன்னாவின் ப்ளோசல் செய்தது நான்கு லென்ஸ் ஐபீஸ், 50 டிகிரியை ஒட்டிய பார்வை, இன்றும் நல்ல வேலை செய்கிறது. 82 டிகிரி வேண்டும் என்றபோது, அப்போலோ விண்வெளி வீரர்களின் பயிற்சிக்கான சிமுலேட்டர்களுக்கு ஒளியியல் வடிவமைத்த அல் நாக்லர் 1980-ஐ ஒட்டி வேறொரு பாதையில் போக வேண்டியிருந்தது. அந்த வழியில் வந்த ஐபீஸ்கள் கனமாகவும் விலை கூடவும் இருப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கிற லென்ஸ்கள்தான்.

கரெக்டர் இப்போது வேண்டாம் என்பேன். அது கோமாவைத்தான் சரி செய்யும், சிறகுகள் அப்படியே இருக்கும், நீங்கள் ஏமாந்துபோவீர்கள். இந்த ஐபீஸ் உங்களுக்கு 33 மடங்கில் இரண்டு டிகிரிக்குக் கொஞ்சம் மேல் வானத்தைக் காட்டுகிறது, அதில் கார்த்திகைக் கூட்டம் மொத்தமும் அடங்கும். அந்தக் கூட்டத்தை முழுசாக ஒரே பார்வையில் பார்ப்பதற்காகவே இதை வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பழைய ஐபீஸும் புதியதும் கையில் இருக்கின்றன. எது மேல் என்று ஒப்பிட ஓரியன் நெபுலாவைப் பார்த்தேன். ஒரு சமயம் இது மேல், ஒரு சமயம் அது மேல். எப்படித்தான் முடிவு செய்வது?

பதில்: இரண்டின் குவியத்தூரமும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். 25-ஐயும் 18-ஐயும் ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிடுவது உருப்பெருக்கத்தை, ஐபீஸை அல்ல. பெருக்கம் கூடும்போது வானத்தின் பின்னணி இருண்டு நெபுலாவுக்குள் சில விவரங்கள் எடுப்பாகும், உடனே புதிய லென்ஸின் மகிமை என்று நினைத்துவிடுவோம்.

அடுத்தது உங்கள் கண். இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் வேண்டும், நடுவில் ஒரு முறை செல்போனைப் பார்த்தால் போச்சு, திரும்ப முதலிலிருந்து. முதலில் மாட்டிய ஐபீஸ் பாவம் பழகாத கண்ணோடும், இரண்டாவது பழகிய கண்ணோடும் பார்க்கப்படுகிறது. அதனால் மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொன்றிலும் சில நிமிடங்களாவது நின்று, ஒரே ஒரு விவரத்தை மட்டும் தேடுங்கள். நெபுலாவின் நடுவில் ட்ரபீசியம் என்கிற நான்கு நட்சத்திரங்கள் இருக்கின்றன, அவற்றுக்குப் பக்கத்தில் மீன்வாய் போலக் கறுப்பு உள்ளே நுழைகிற இடம் எந்த ஐபீஸில் அதிகக் கறுப்பாக இருக்கிறது? அந்த ஒன்றைக் கேட்டால் விடை வரும். "எது நன்றாக இருக்கிறது" என்று கேட்டால் வராது. பிரகாசமான கிரகத்தை நடுவில் வைத்து, அதன் எதிர்ப்பக்கத்தில் மங்கலான ஆவிப்படம் (கிரகத்தின் போலிப் பிம்பம்) ஒன்று நகர்கிறதா என்றும் பாருங்கள், லென்ஸ் பூச்சு சரியில்லாத ஐபீஸ் அங்கே மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: ஐபீஸ் பெட்டியில் பார்வை அகலம் 68 டிகிரி என்று போட்டிருக்கிறது. உண்மையா என்று நாமே அளக்க முடியுமா?

பதில்: முடியும், கடிகாரம் போதும். ஓரியனின் இடைவாரில் மூன்று நட்சத்திரங்கள் இருக்கின்றன அல்லவா, அதில் மேற்கோரத்தில் இருக்கிற மின்டகா கிட்டத்தட்ட வான நடுக்கோட்டிலேயே இருக்கிறது. மோட்டார் இருந்தால் நிறுத்திவிட்டு, அது புலத்தின் (ஐபீஸில் தெரிகிற வட்டத்தின்) ஒரு விளிம்பில் நுழைந்து நடு வழியாகப் போய் மறு விளிம்பில் மறைய எத்தனை நிமிடம் என்று பாருங்கள். அதை நான்கால் வகுத்தால் உண்மைப் புலம் எத்தனை டிகிரி என்று கிடைக்கும், அதை உருப்பெருக்கத்தால் பெருக்கினால் பெட்டியில் போட்ட எண்ணுக்குப் பக்கத்தில் வர வேண்டும். 48 மடங்கு தரும் ஐபீஸ் 68 டிகிரி என்றால் சுமார் 5 நிமிடம் 40 விநாடி. ஓரத்தில் படம் கொஞ்சம் இழுபடுவதால் ஓரிரு டிகிரி முன்பின் இருக்கலாம், பத்து டிகிரி குறைந்தால் பெட்டி பொய் சொல்கிறது.

கேள்வி: மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டே பார்க்க வேண்டுமா, கழற்றிவிடலாமா?

பதில்: கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கழற்றிவிடுங்கள், ஃபோகஸே சரி செய்துவிடும். சிலிண்டர் பவர் (கண்ணின் அஸ்டிக்மாட்டிசம்) இருந்தால் குறைந்த பெருக்கத்தில் போட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும், அதிகப் பெருக்கத்தில் ஒளிக்கற்றை மெலிந்துவிடுவதால் பெரும்பாலும் தேவைப்படாது. கண்ணாடியோடு பார்க்க ஐபீஸுக்கும் கண்ணுக்கும் நடுவே 15 முதல் 20 மி.மீ. இடம் வேண்டும். ப்ளோசல் வகை ஐபீஸில் அந்த இடம் அதன் குவியத்தூரத்தைவிடக் குறைவு, 10 மி.மீ. ப்ளோசலில் இமை மயிர் லென்ஸில் உரசும்.

கேள்வி: பழைய ஐபீஸ் பெட்டியோடு, ஐபீஸில் திருகிக்கொள்கிற சூரிய ஃபில்டர் ஒன்று கிடைத்தது. பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. டெலஸ்கோப் குவித்த மொத்த வெப்பமும் அந்தச் சின்னக் கண்ணாடியில் இறங்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடித்து விரிசல் விடும், கண் போய்விடும். யார் கையிலும் சிக்காதபடி உடைத்துப் போடுங்கள். சூரியனுக்கான ஃபில்டர் டெலஸ்கோப்பின் முன்வாயை முழுசாக மூடுவதாகத்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: ஐபீஸில் தூசி. எப்படித் துடைப்பது?

பதில்: தூசிதான் என்றால் துடைக்காமல் விடுங்கள், படத்தில் ஒன்றும் தெரியாது. காற்று ஊதுகிற ரப்பர் பந்தால் ஊதினால் போதும், வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். இமையின் எண்ணெய்க்கறை படிந்தால் மட்டும், முதலில் ஊதிவிட்டு, லென்ஸ் துடைக்கும் காகிதத்தில் அதற்கான திரவத்தை ஒரு துளி விட்டு (லென்ஸின் மேல் நேராக விடாதீர்கள், ஓரத்து இடுக்கில் இறங்கிவிடும்), அழுத்தாமல் நடுவிலிருந்து வெளியே துடைத்தெடுங்கள். பனி படிந்தால் துடைக்கவே வேண்டாம். மூடியைப் போட்டுச் சட்டைப் பையில் சிறிது நேரம் வைத்தால் தானாகப் போய்விடும், அதற்குள் இன்னொரு ஐபீஸை மாட்டிப் பார்த்துக்கொண்டிருங்கள்.