2023, 2024 இரண்டு சீசனிலும் அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து அணியான நியூயார்க் லிபர்ட்டி 32 வெற்றி, 8 தோல்வி. முதல் வருடம் ஃபைனலில் தோற்றவர்கள் அடுத்த வருடம் எப்படிக் கோப்பையை ஜெயித்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே பெயரில் பதில் வேண்டுமென்றால் லியோனி ஃபீபிஷ் என்ற வீராங்கனை. ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பெண்கள் கூடைப்பந்தைத் தொடர்ந்து பார்க்காதவர்களுக்கு ஒன்றும் புரியாது. அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

அமெரிக்காவின் பெண்கள் கூடைப்பந்து லீகான டபிள்யூஎன்பிஏ 1997இல் எட்டு அணிகளோடு தொடங்கியபோதே இருந்த அணி லிபர்ட்டி. முதல் வருடமே ஃபைனல், தோல்வி. 1999, 2000, 2002 என்று மேலும் மூன்று ஃபைனல், மூன்றிலும் தோல்வி. அப்புறம் முதலாளிகளுக்கே அணி மேல் ஆசை போய்விட்டது. 2017இல் விற்பனைக்குப் போட்டார்கள். 2018, 2019 சீசன்களில் பெரும்பாலான ஆட்டங்களை மாடிசன் ஸ்கொயர் கார்டனில் வைக்காமல், நகரத்துக்கு வெளியே வைட் பிளெயின்ஸில் ஐயாயிரம் பேர் உட்காரக்கூடிய ஒரு பழைய அரங்கத்துக்குத் தள்ளிவிட்டார்கள். 2019இல் ஜோ சாய், கிளாரா வூ சாய் தம்பதி வாங்கினார்கள். புரூக்ளினின் பார்க்லேஸ் சென்டர் வீடானது. 2020இல் 22 ஆட்டத்தில் 2 வெற்றி. அந்த வருடம் டிராஃப்டில் (புது வீராங்கனைகளை அணிகள் முறைவைத்து எடுப்பது) முதல் ஆளாக எடுத்த சப்ரினா அயொனெஸ்கு மூன்றாவது ஆட்டத்திலேயே கணுக்கால் அடிபட்டு வெளியே போனார்.

இந்தத் தம்பதி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்போது டபிள்யூஎன்பிஏ வீராங்கனைகள் சாதாரணப் பயணிகள் விமானத்தில்தான் போக வேண்டும் என்பது விதி. எந்தப் பணக்கார முதலாளியும் தன் அணிக்கு மட்டும் கூடுதல் வசதி செய்துவிடக் கூடாதாம். 2021 சீசனில் இவர்கள் அதை மீறித் தனி விமானம் எடுத்தார்கள், லீக் 5 லட்சம் டாலர் அபராதம் போட்டது. 2024இல் அதே லீக் எல்லா அணிக்கும் தனி விமானம் ஏற்பாடு செய்தது. அபராதத்தைத் திருப்பிக் கொடுத்ததாகக் கேள்விப்படவில்லை!

சரி, 2023க்கு வருவோம். பிரியானா ஸ்டூவர்ட், ஜான்குவெல் ஜோன்ஸ், கோர்ட்னி வாண்டர்ஸ்லூட் மூவரும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தார்கள். ஏற்கெனவே சப்ரினா, பெட்னைஜா லேனி. பத்திரிகைகள் சூப்பர் டீம் என்று எழுதின. 32-8. ஸ்டூவர்ட் அந்த வருடத்தின் எம்விபி, அதாவது மிகச் சிறந்த வீராங்கனை. ஃபைனலில் எதிரே லாஸ் வேகஸ் ஏசஸ். அப்போது ஃபைனலில் முதலில் மூன்று ஆட்டம் வெல்கிறவர்களுக்குக் கோப்பை. முதல் ஆட்டத்தில் ஏசஸ் 99 புள்ளி, இரண்டாவதில் 104. இரண்டும் ஒருதலைப்பட்சமான தோல்விகள். மூன்றாவதை லிபர்ட்டி வென்றது. நான்காவதில் ஏசஸின் முக்கியமான இருவர் காயத்தால் ஆடவில்லை, ஆட்டமோ புரூக்ளினில். அப்படியும் 70-69 தோல்வி. கடைசி நொடிகளில் ஸ்டூவர்ட்டை ஏசஸ் வீராங்கனைகள் சூழ்ந்துகொள்ள, பந்து கைமாறி மூலையில் நின்ற வாண்டர்ஸ்லூட்டிடம் போனது. எறிந்தார், விழவில்லை.

அந்தப் பந்து விழுந்திருந்தால் ஐந்தாவது ஆட்டம் ஒன்று இருந்திருக்கும், நீங்களும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் பந்து ஏன் அவரிடம் போனது என்பதுதான் எனக்கு முக்கியம். வாண்டர்ஸ்லூட் பாஸ் கொடுப்பதில் கெட்டிக்காரர், இந்த லீகின் மிகச் சிறந்த பாயிண்ட் கார்டுகளில் (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) ஒருவர். ஆனால் தூரத்திலிருந்து எறிவதில் அவ்வளவு பயமுறுத்துகிறவர் இல்லை. எதிரணி அவரைக் கொஞ்சம் தனியே விட்டுவிட்டு, ஸ்டூவர்ட்டையும் ஜோன்ஸையும் நெருக்கலாம். டிஃபென்ஸில் அவருடைய 5 அடி 8 அங்குல உயரத்தைக் குறிவைத்துத் தாக்கலாம். ஏசஸ் இரண்டையும் செய்தது. இதற்கு மேல், அந்த அணி ஐந்து பேரை நம்பி ஓடிய அணி. பெஞ்சிலிருந்து எழுந்து வந்து ஆட்டத்தைத் திருப்ப ஆள் குறைவு.

2024 லீக் ஆட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மறுபடி 32-8, மறுபடி பலம். நடுவில் கமிஷனர்ஸ் கப் என்ற தனிக் கோப்பையின் ஃபைனலில் மினசோட்டா லிங்ஸிடம் 94-89 என்று தோற்றார்கள். மினசோட்டாதான் அந்த வருடம் இவர்களுக்குத் தொண்டையில் சிக்கிய முள் என்பது அப்போதே தெரிந்தது. ஜூலை கடைசியில் பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்காக லீக் நின்றது. அங்கே நடந்த வேடிக்கையைப் பாருங்கள்: மினசோட்டா கோச் ஷெரில் ரீவ்தான் அப்போது அமெரிக்க அணிக்கும் கோச். அவர் கீழே லிபர்ட்டியின் ஸ்டூவர்ட்டும் சப்ரினாவும் தங்கம் வாங்கினார்கள். அப்போது லிபர்ட்டி கோச்சாக இருந்த சாண்டி பிரான்டெல்லோ ஆஸ்திரேலியாவுக்கு கோச். அவர் அணியில் மினசோட்டாவின் அலானா ஸ்மித் ஆடி வெண்கலம் வாங்கினார். இந்த அலானா ஸ்மித் பெயரை நினைவில் வையுங்கள்.

ஃபீபிஷ் ஜெர்மனிக்காரர். 6 அடி 4 அங்குலம். 2020லேயே டிராஃப்டில் எடுக்கப்பட்டு, வேறு அணிகளின் கைக்கு மாறி, ஐரோப்பாவிலேயே ஆடிக்கொண்டிருந்துவிட்டு 2024இல்தான் முதல் முறையாக டபிள்யூஎன்பிஏவுக்கு வந்தார். லீக் ஆட்டங்களில் பெரும்பாலும் பெஞ்ச்தான். லீக் ஆட்டங்கள் முடிந்து, கோப்பைக்கான ப்ளேஆஃப் சுற்றுகள் தொடங்கும்போது பிரான்டெல்லோ வாண்டர்ஸ்லூட்டை உட்காரவைத்துவிட்டு இவரை ஆரம்ப ஐவரில் இறக்கினார். 32-8 எடுத்த கூட்டணியைக் கடைசி நேரத்தில் மாற்ற எத்தனை கோச்சுக்குத் தைரியம் வரும்? அதுவும் பெரிய பெயர் உள்ள ஒருவரை. வாண்டர்ஸ்லூட் அதை முகம் கோணாமல் ஏற்றுக்கொண்டதும் இந்தக் கோப்பையில் ஒரு பங்கு என்பேன்.

மாற்றத்தின் பலன் உடனே தெரிந்தது. ஃபீபிஷ் தூரத்தில் நின்றால் தனியே விட முடியாது, எறிந்தால் விழும். எதிரணியின் உயரமான ஆளையும் வேகமான கார்டையும் மாறிமாறிப் பிடிப்பார். ஸ்டூவர்ட் 6 அடி 4, ஜோன்ஸ் 6 அடி 6, இவரும் சேர்ந்தால் பந்தைக் கொண்டுவருகிறவர் கண்ணுக்கு எங்கே பார்த்தாலும் கை. அட்லாண்டாவை 2-0 என்று முடித்தார்கள். அரையிறுதியில் அதே ஏசஸ். போன வருடம் நூற்றுக்கு மேல் போட்ட அணியை, அவர்கள் ஊரிலேயே நான்காவது ஆட்டத்தில் 62இல் நிறுத்தி, 3-1 என்று வெளியே அனுப்பினார்கள். பழி தீர்ந்தது என்று நான் சந்தோஷப்பட்டது உண்மைதான்.

அப்புறம் ஃபைனல். மினசோட்டா.

முதல் ஆட்டத்தை இன்னும் என்னால் முழுதாக மறுபடி பார்க்க முடியவில்லை. லிபர்ட்டி 18 புள்ளி முன்னிலை. கடைசி ஐந்து நிமிடத்தை ஒட்டிக்கூட 15 புள்ளி முன்னிலை. அதைக் கரைத்தார்கள். 5.5 நொடி மிச்சமிருக்கும்போது மினசோட்டாவின் கோர்ட்னி வில்லியம்ஸ் மூன்று புள்ளி எறிய, சப்ரினா ஃபவுல் செய்ய, பந்தும் உள்ளே விழ, அந்த ஃபவுலுக்காகக் கிடைத்த ஃப்ரீ த்ரோவும் (யாரும் தடுக்காமல் எறிவது, ஒரு புள்ளி) சேர்த்து நான்கு புள்ளி. மினசோட்டா ஒரு புள்ளி முன்னே. 0.8 நொடியில் ஸ்டூவர்ட்டுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்று விழுந்தது, ஒன்று விழவில்லை. ஓவர்டைம், அதாவது கூடுதல் நேரம். அதில் நஃபீசா காலியர் திரும்பி எறிந்த பந்தில் 95-93, மினசோட்டா வெற்றி. ஓவர்டைமின் கடைசி லேஅப்பையும் (வளையத்துக்கு அருகே போய் எறிவது) ஸ்டூவர்ட் தவறவிட்டார்.

இந்தத் தோல்வியில் உடைந்திருக்க வேண்டிய அணி. இரண்டாவது ஆட்டத்தில் ஸ்டூவர்ட் 21 புள்ளியோடு 7 ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது) எடுத்தார். 80-66. மூன்றாவது ஆட்டம் மினியாபொலிஸில். 15 புள்ளி பின்தங்கியவர்கள், ஸ்டூவர்ட்டின் 30 புள்ளியால் மெல்ல ஏறி வந்தார்கள். 77-77. சப்ரினா பந்தைத் தட்டியபடி நிற்கிறார். உள்ளே நுழைவார் என்று எல்லோரும் எதிர்பார்க்க, ஒரு அடி பின்னால் வந்து ஏறக்குறைய 28 அடி தூரத்திலிருந்து எறிந்துவிட்டார். கோச் பார்த்தால் திட்டுவார் என்று சொல்லத்தக்க எறிதல். விழுந்தது. மிச்சம் ஒரு நொடி. நான்காவது ஆட்டம் மினசோட்டாவுக்கு, 82-80, கடைசியில் இரண்டு ஃப்ரீ த்ரோவால்.

ஐந்தாவது ஆட்டம், அக்டோபர் 20, பார்க்லேஸ் சென்டர். நமக்குத் திங்கட்கிழமை விடியற்காலை. உங்கள் கேள்விக்கான முழுப் பதிலும் இந்த ஒரு ஆட்டத்தில் இருக்கிறது. சப்ரினா 19 முறை எறிந்து ஒன்றே ஒன்று போட்டார். ஸ்டூவர்ட் 15க்கு 4. இரு பெரிய நட்சத்திரங்களும் சேர்ந்து 34க்கு 5! முதல் பாதியில் மினசோட்டா 12 புள்ளி வரை முன்னே போனது. 2023இல் இப்படி ஒரு இரவு வந்திருந்தால் மூன்றாவது கால்பகுதியிலேயே கதை முடிந்திருக்கும்.

இந்த முறை ஜோன்ஸ் 17, ஃபீபிஷ் 13, பெஞ்சிலிருந்து வந்த இன்னொரு ஜெர்மனிக்காரர் நியாரா சபாலி 13. சபாலி இதற்கு முன் முழங்கால் காயத்தால் ஒரு முழு சீசனையே இழந்தவர். சப்ரினாவும் எறிவது விழவில்லை என்று ஒதுங்கவில்லை. 8 அசிஸ்ட் (புள்ளியாக மாறிய பாஸ்), 7 ரீபவுண்ட் (விழாமல் தெறித்த பந்தைப் பிடிப்பது). ஸ்டூவர்ட் 15 ரீபவுண்ட். நிர்ணய நேரத்தில் மினசோட்டாவை 60இல் கட்டிப்போட்டார்கள்.

ஆனால் லிபர்ட்டியும் 58தான். 5.2 நொடி மிச்சம். ஸ்டூவர்ட் உள்ளே புகுந்து எறிகிறார், விழவில்லை, விசில். ஃபவுல் செய்தவர் அலானா ஸ்மித் என்றார்கள். ரீவ் ரீப்ளே கேட்டார். நடுவர்கள் பார்த்துவிட்டு ஃபவுல்தான் என்றார்கள். முதல் ஆட்டத்தில் இதே இடத்தில் நின்று தவறவிட்ட ஸ்டூவர்ட் இரண்டையும் போட்டார். ஓவர்டைமில் ஃபீபிஷ் ஒரு மூன்று புள்ளி, சபாலி பந்தைப் பறித்து ஓடி ஒரு லேஅப். மினசோட்டா ஓவர்டைம் முழுக்க எடுத்தது 2 புள்ளி. 67-62. ஃபைனல் எம்விபி ஜோன்ஸ். ஏற்கெனவே மூன்று ஃபைனலில் தோற்றவர் அவர்.

இந்த ஃபவுல் பற்றிச் சண்டை இன்னும் ஓயவில்லை. கோப்பையைத் திருடிவிட்டார்கள் என்று ரீவ் அன்றிரவே வெளிப்படையாகச் சொன்னார். நான் லிபர்ட்டி ரசிகன்தான். ஆனாலும் ஃபைனலின் கடைசி நொடிகளில் அவ்வளவு லேசான உரசலுக்கு விசில் ஊதியிருக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். நான் ஸ்மித் இடத்தில் இருந்தால் இன்று வரை தூங்கியிருக்க மாட்டேன். ஆக, 2023இல் ஒரு பந்து விழாததும் 2024இல் ஒரு விசில் ஊதியதும் கணக்கில் உண்டு. அது போக மிச்சம் ஃபீபிஷும் பெஞ்சும்.

எந்த ஆட்டத்தைப் பார்க்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று. ஐந்தாவது ஆட்டம் கோப்பை ஆட்டம்தான், ஆனால் பார்க்க அழகாக இருக்காது, பந்து வளையத்தில் பட்டுப் பட்டுத் தெறிக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் மூன்றாவது ஆட்டத்தின் இரண்டாம் பாதியிலிருந்து தொடங்குங்கள்.