ஃப்ரீபிஎஸ்டியில் கம்பைல் பிழைகள்: புதுச்சேரி நண்பருக்குப் பதில்

வணக்கம். லினக்ஸில் ஓடும் உங்கள் நூலகப் பட்டியல் மென்பொருளை, யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் கம்பைல் செய்ய (மூல நிரலை இயங்கும் நிரலாக மாற்ற) அதற்கான 'மேக்' கருவி மறுத்ததாகவும், அதன் குனு வகையான 'ஜிமேக்' கொடுத்த பிறகு பிஎன்ஜி (png.h) ஹெட்டர், அதாவது நிரலில் சேர்க்கும் அறிவிப்புக் கோப்பு, கிடைக்கவில்லை என்றும் மேலாக் (malloc.h) ஹெட்டரில் பிழை என்றும் வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

ஜிமேக்கிற்கு மாறியது சரியே. அங்குள்ள மேக் பிஎஸ்டி வகை என்பதால் குனு மேக்குக்கே உரிய இலக்கணம் அதற்குப் புரியாது. பிஎன்ஜி நூலகத்தை (பிஎன்ஜி படங்களைக் கையாளும் நிரல் தொகுப்பு) மீண்டும் நிறுவ வேண்டாம். பொதிகளாக நிறுவுபவை யூஎஸ்ஆர் அடைவுக்குள் 'லோக்கல்' என்னும் உள் அடைவில் (/usr/local) சேர்கின்றன. கம்பைலரோ தானாக அங்கே தேடுவதில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் கடையின் ரசீது மென்பொருளை மாற்றியபோது, இது தெரியாமல் ஒரு மாலை முழுக்க அதே பொதியை நீக்கி நீக்கி நிறுவிக்கொண்டிருந்தேன். ஹெட்டருக்கு சிபிபிஃப்ளாக்ஸ் (CPPFLAGS), நூலகத்துக்கு எல்டிஃப்ளாக்ஸ் (LDFLAGS) என்னும் மாறிகளில் அந்தப் பாதையைக் கொடுங்கள். பாதையை மேக்ஃபைலிலேயே (மேக் படிக்கும் கட்டளைக் கோப்பு) எழுதிவைப்பதைவிட, நூலகங்களின் பாதையைச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கருவியிடம் கேட்டு வாங்குவது மேல்.

மேலாக் ஹெட்டருக்குப் பதிலாக எஸ்டிடிலிப் (stdlib.h) ஹெட்டரைச் சேருங்கள். பிழைச் செய்தியே அதைத்தான் சொல்கிறது.

உங்கள் நிரல் ஈபோல் (epoll: பல இணைப்புகளில் நடப்பதை ஒரே இடத்தில் கவனிக்கும் லினக்ஸ் வசதி) பயன்படுத்தினால், அதை மாற்றுவதுதான் உண்மையான வேலை. அதற்கு ஃப்ரீபிஎஸ்டியின் சொந்த வழி 2000-இல் வந்த கேக்யூ (kqueue). கேக்யூவுக்கு மாற்றி எழுதும்வரை, ஈபோல் அழைப்புகளை கேக்யூ மூலம் நிறைவேற்றும் ஈபோல்-ஷிம் நூலகத்தை வைத்துச் சமாளிக்கலாம். அடுத்த முறை, ஒவ்வொரு கோப்பிலும் வரும் முதல் பிழையை மட்டும் இங்கே இடுங்கள்.