சூப்பர்வைசர் என்ற சொல்லால் வந்த கலக்கம்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மகள் ஆலோசனை உளவியல் முதுகலைப் படிப்பில் முதலாண்டை முடிக்கப்போவதாகவும், வாரந்தோறும் 'சூப்பர்விஷன்' என்ற பயிற்சி மேற்பார்வை முடிந்து விடுதிக்குத் திரும்பியதும் தொலைபேசியில் அழுது, "எனக்கு இந்த வேலை வராதுப்பா" என்று சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். படிப்பை நிறுத்தி வங்கித் தேர்வுப் பயிற்சியில் சேர்த்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போது நிறுத்த வேண்டாம். ஆனால், அவருக்குக் கிடைக்கும் மேற்பார்வை எப்படிப்பட்டது என்பதை அவசியம் விசாரியுங்கள்.

நூற்பாலையில் பல ஆண்டுகள் உழைத்த தங்களுக்கு, சூப்பர்வைசர் என்றதும் அறுந்த இழையை எண்ணுபவரும் ஷிப்ட் முடிவில் கணக்குக் கேட்பவரும்தான் நினைவுக்கு வருவார்கள். உளவியல் ஆலோசனைத் துறையில் அச்சொல்லின் பொருள் வேறு. 1920இல் பெர்லினில் மாக்ஸ் ஐட்டிங்கோன் உள்ளிட்டோர் தொடங்கிய உளப்பகுப்பாய்வு நிலையத்தில்தான், பயிற்சி பெறுபவர் தாம் சந்திக்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் மூத்தவர் ஒருவருடன் தொடர்ந்து பேசியாக வேண்டும் என்பது முறையான பயிற்சியின் பகுதியாக வேரூன்றியது. பிரிட்டனின் ஆலோசகர் சங்கம், அங்கீகாரம் பெற்ற அனுபவசாலிகளிடமும் மாதத்துக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேர மேற்பார்வையை இன்றும் எதிர்பார்க்கிறது. தவறு செய்தவரைப் பிடிப்பதற்கான ஏற்பாடாக இருந்தால், தவறு குறைந்தவர்களுக்கு அது எதற்கு?

என் பயிற்சிக் காலத்து நிகழ்ச்சி ஒன்று. பேசியதைச் சொல்லுக்குச் சொல் எழுதித் தரும் 'வெர்பேட்டிம்' என்ற தாளைத் தங்கள் மகளும் எழுதிக்கொண்டிருப்பார். என் தாளில், வந்தவர் "வீட்டுக்குப் போகவே பிடிக்கல சார்" என்கிறார், அதற்கு நான், "சரி, நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டிருக்கிறேன். படிவத்தில் அடுத்த கேள்வி அதுதான். என் மேற்பார்வையாளர் அந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டு, "இந்த இடத்தில் உன் மனதில் என்ன ஓடியது?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். திட்டு ஏதும் இல்லை. இருந்தும் அன்றிரவு நான் ஊருக்குப் பெட்டி கட்ட நினைத்தேன்.

என் மனதில் ஓடியது 'அடுத்து என்ன கேட்பது' என்ற பயம் மட்டுமே. இந்த நிலையை அமெரிக்க உளவியலாளர் கால் ஸ்டோல்டன்பெர்க் 1981இல் முன்வைத்து, பின்னர் அர்சுலா டெல்வொர்த்துடன் சேர்ந்து 1987இல் விரித்தெழுதிய, பயிற்சி ஆலோசகரின் வளர்ச்சியை மூன்று கட்டங்களாகக் காட்டும் மாதிரி தெளிவாக விளக்குகிறது. முதல் கட்டத்தில் பயில்பவருக்கு ஆர்வமும் அதிகம், பதற்றமும் அதிகம். எதிரில் இருப்பவரைவிடத் தம் செயல்பாட்டின் மீதே கவனம் குவிந்திருக்கும். எதற்கும் மேற்பார்வையாளரின் வாயைப் பார்த்திருப்பார். தங்கள் மகள் நிற்பது இங்கேதான். இரண்டாம் கட்டத்தில் கவனம் எதிரில் இருப்பவர் மீது திரும்பும், சில நேரம் அளவு மீறியும் திரும்பும். ஆர்வம் ஒரு வாரம் பொங்கி மறுவாரம் வற்றும். மேற்பார்வையாளருடன் உரசலும் வரும். இந்தக் கட்டத்தை விடலைப் பருவத்தோடு ஒப்பிடுவார்கள். ஆகவே, அடுத்த ஆண்டு அழுகை நின்று, "எங்க சூப்பர்வைசருக்கு ஒண்ணும் தெரியாது" என்று தங்கள் மகள் சொல்லத் தொடங்கினால், அதற்கும் கலங்க வேண்டாம். மூன்றாம் கட்டத்தில்தான் தன்னையும் மற்றவரையும் ஒருசேரக் கவனிக்கும் நிதானம் வருகிறது.

இந்த மாதிரிகள் மனித வளர்ச்சி உளவியலின் வழி வந்தவை. 1982இல் லோகன்பில், ஹார்டி, டெல்வொர்த் ஆகியோர் வகுத்த மற்றொரு மாதிரி, மனித வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் எரிக் எரிக்சனின் சிந்தனையிலிருந்து நேரடியாகவே கடன் பெற்றது. 1950இல் எரிக்சன் வாழ்நாளை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தபோது, முதலில் வைத்தது நம்பிக்கையை. கைக்குழந்தைக்கு எப்படியோ, தொழிலில் புதிதாக நுழைபவருக்கும் அப்படித்தான். தவறிய வரியைக் காட்டினாலும் தன்னைக் கைவிட மாட்டார் என்ற உறுதி இல்லாத இடத்தில், மாணவர் நல்ல வரிகளை மட்டுமே எழுதிக் கொண்டுபோவார். மேலும், 18 முதல் 25 வயது வரையிலான பருவத்தை உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000இல் தனிக் கட்டமாகவே அடையாளம் காட்டினார். அந்த வயதில் இருக்கும் தங்கள் மகள், 'நான் யார்' என்ற கேள்வியையும் 'நான் எப்படிப்பட்ட ஆலோசகர்' என்ற கேள்வியையும் ஒரே நேரத்தில் சுமக்கிறார். (அடுத்த தலைமுறையைப் பற்றிக் கவலைப்படும் நடுவயதுக்கும் எரிக்சன் ஒரு கட்டம் ஒதுக்கியிருக்கிறார் என்பதைத் தங்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.)

இந்தக் கட்டங்களை நாட்காட்டித் தாளைப் போலக் கிழித்துப் பார்க்கவும் கூடாது. ஒருவர் மதிப்பீட்டுச் சோதனைகளில் தேர்ந்தவராகவும், துக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதில் தொடக்கநிலையிலும் இருக்கலாம் என்பதை ஸ்டோல்டன்பெர்க்கின் மாதிரியே ஒப்புக்கொள்கிறது.

இனி விசாரிக்க வேண்டியவை. தனியாக மேற்பார்வை நேரம் உண்டா, அல்லது முப்பது பேர் முன்னிலையில் மட்டும் நடக்கிறதா. மேற்பார்வையாளர் தாமே ஆலோசனைப் பணியில் இருப்பவரா. வெர்பேட்டிமோ ஒலிப்பதிவோ வைத்துப் பேசுகிறார்களா. இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு: குறை சொல்லப்படுவது பேசிய வரியையா, பேசிய பெண்ணையா? "இங்கே அவசரப்பட்டாய்" என்பது பயிற்சி. "உனக்கெல்லாம் எதற்கு இந்தப் படிப்பு" என்பதும், குடும்பத்தை இழுத்துப் பேசுவதும் பயிற்சியே அல்ல. அப்படி நடந்தால் துறைத்தலைவரிடம் எழுத்தில் கொடுத்து மேற்பார்வையாளரை மாற்றக் கேளுங்கள்.

வீட்டிலிருந்தே அஞ்சல் வழியில் படிக்கட்டுமே என்ற தங்கள் யோசனைக்கு இப்போது வழியில்லை. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல் உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. மேலும், இந்த முதுகலைப் பட்டம் மட்டும் ஒருவரை மருத்துவ உளவியலாளர் ஆக்காது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் குழு அங்கீகரித்த படிப்பும் அக்குழுவின் பதிவும் தேவை. அந்த விதிகள் மாறிவரும் காலம் இது. ஆகவே சேரும் ஆண்டில் குழுவின் இணையதளத்தைப் பார்த்துவிட்டுக் கட்டணம் செலுத்துங்கள், முகவர்களின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

விடுமுறைக்கு மகள் வந்ததும், தன்னிடம் வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். பெற்ற தந்தையிடமும் அதைச் சொல்லக் கூடாது என்பது அவருடைய தொழில் நெறி. மேற்பார்வையில் என்ன கற்றார் என்று தாராளமாகக் கேட்கலாம். மூன்றாம் செமஸ்டர் முடிந்த பிறகும் இதே அழுகை, இதே காரணத்துக்காகத் தொடர்ந்தால், மகளுடைய செய்முறைப் பயிற்சிக் குறிப்பேட்டோடு இருவரும் நேரில் வாருங்கள். வங்கித் தேர்வைப் பற்றியும் அன்றைக்கே பேசிக்கொள்ளலாம்.